பேட்டரி மூடியின் கொக்கி முறிந்த ஏஏ கேமரா: மூடி திறக்காமல் நிற்க என்ன வழி?

ஒளிப்பெட்டி:

இரண்டு ஏஏ செல்லில் ஓடும் பழைய காம்பாக்ட் டிஜிட்டல் கேமரா. அடிப்பக்க மூடியின் ஓரத்தில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் கொக்கி (3 மி.மீ. அகலம், 1 மி.மீ. தடிமன்) அடியோடு போய்விட்டது. கீல் நன்றாக இருக்கிறது, பாடியில் கொக்கி மாட்டும் விளிம்பும் உடையவில்லை. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால் கேமரா ஓடுகிறது, விட்டால் அணைகிறது.

சூப்பர் க்ளூவில் ஒட்டிய கொக்கி இரண்டாவது முறை மூடும்போதே விட்டுவிட்டது. கருப்பு இன்சுலேஷன் டேப் சுற்றினால் ஒரு நாள் தாங்குகிறது. அதன்பிறகு, செல் முழு சார்ஜில் இருந்தாலும் லென்ஸ் வெளியே வரும் நேரத்தில் ‘பேட்டரியை மாற்றவும்’ என்று சொல்லி அணைந்துவிடுகிறது. மெமரி கார்டும் இதே மூடிக்குள்தான், அதனால் தினம் திறந்து மூட வேண்டும். மாற்று மூடி கிடைக்கவில்லை. நிலைத்து நிற்கிற மாதிரி ஒரு வழி சொல்லுங்கள்.

திருகாணி:

முதலில் டேப் ஏன் ஏமாற்றுகிறது என்று பார்த்துவிடலாம். செல்களுக்கு அடியில் உள்ள ஸ்பிரிங்குகள் மூடியை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். இன்சுலேஷன் டேப் பிவிசி பிளாஸ்டிக். விடாமல் இழுத்தால் மெல்ல மெல்ல நீளும், வெயிலில் பசையும் வழுக்கும். மூடி அரை மி.மீ. எழும்பினாலே போதும். மூடியின் உட்புறத்தில் இரண்டு செல்லையும் தொடராக இணைக்கும் உலோகத் தகடு இருக்கிறதே, அது செல்லின் முனையை லேசாக மட்டுமே தொடும். ரீசார்ஜபிள் நிக்கல் செல் இரண்டும் சேர்ந்தே 2.4 வோல்ட்தான். அந்த இடத்தில் 0.3 ஓம் தடை ஏறி, லென்ஸ் மோட்டார் ஒரு ஆம்பியர் இழுத்தால் 0.3 வோல்ட் அங்கேயே காலி. கேமராவின் கணக்கில் அது தீர்ந்துபோன பேட்டரி. ஆக, மூடியைச் சும்மா மூடி வைப்பது போதாது, அழுத்தியே பிடிக்க வேண்டும்.

கேமராவின் அடியில் டிரைபாட் மாட்டும் துளை இருக்கும். அதில் ஒரு போல்ட், போல்ட்டின் கீழ் ஒரு அலுமினியப் பட்டை, பட்டையின் மறுமுனை மூடியின் மேல். கொக்கி உடைந்த கேமராவுக்கு இதைவிட நம்பகமான கைவேலை கிடையாது என்பேன்.

பட்டை 12 மி.மீ. அகலம், 2 மி.மீ. தடிமன். அலுமினிய ஜன்னல் செய்யும் கடையில் வெட்டி எறிந்த துண்டாகவே கிடைக்கும். துளையின் மையத்திலிருந்து, மூடியில் கொக்கி இருந்த ஓரம் வரை அளந்து, ஒரு பக்கம் 8 மி.மீ. கூடுதலாக விட்டு வெட்டுங்கள். பட்டையில் போல்ட்டுக்கான துளை 6.5 மி.மீ. டிரில். பட்டை கீல் பக்கத்தை அழுத்தினால் பிரயோஜனமில்லை. கொக்கி இருந்த ஓரத்தைத்தான் அழுத்த வேண்டும். முனைகளை அரத்தால் உருட்டி, உப்புத்தாள் போடுங்கள், இல்லாவிட்டால் கையைக் கிழிக்கும்.

பட்டையைத் தட்டையாகவே வைத்தால் போல்ட்டை இறுக்கும்போது மறுமுனை தூக்கிக்கொள்ளும். நடுவில் மிக லேசாக வளைத்து, மேஜையில் வைத்தால் இரண்டு முனையும் தொட்டு நடுப்பகுதி 1 மி.மீ. எழும்பி நிற்கும்படி செய்யுங்கள். லாரி வில்பட்டை மாதிரி வேலை செய்யும். மூடியைத் தொடும் முனையில் பழைய சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்றை ஒட்டிவிட்டால் வழுக்காது, கீறாது.

போல்ட் நீளத்தில்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். தீக்குச்சியைத் துளைக்குள் விட்டு ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். 5 மி.மீ. என்றால், பட்டை 2, வாஷர் 1 சேர்த்து 8 வரும். தலைக்குக் கீழே 7 மி.மீ. வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். நீளமான போல்ட் துளையின் அடியைக் குத்தி உள்ளே இருக்கும் போர்டைத் தொடும். அறுப்பதற்கு முன் ஒரு நட்டை ஏற்றிவிட்டு அறுங்கள். அறுத்தபின் நட்டைக் கழற்றும்போது நசுங்கிய மரையை அதுவே சரிசெய்துவிடும்.

ஈயப்பொடி:

திருகாணி சொன்னது சரிதான். ஆனால் டிரைபாட் பயன்படுத்துகிறவருக்கு அந்தத் துளை தேவைப்படும். கொக்கியையே திரும்பச் செய்யவும் முடியும், பொறுமை வேண்டும்.

உடைந்த கொக்கியை அப்படியே ஒட்டுவதை மறந்துவிடுங்கள். ஒட்டும் பரப்பு 3 சதுர மி.மீ.; அதன் மேல் விழும் விசையோ நெம்புகோல் மாதிரி விளிம்பிலிருந்து உரித்தெடுக்கிறது. சூப்பர் க்ளூ நேரான இழுப்பைத் தாங்கும், உரிப்பையும் அதிர்ச்சியையும் தாங்காது. சமையல் சோடா தூவி அதன் மேல் க்ளூ விடும் வித்தை கல் மாதிரி இறுகும், ஆனால் கல் மாதிரியே உடையவும் செய்யும். போதாததற்கு க்ளூவின் ஆவி பக்கத்துத் தகட்டில் வெள்ளையாகப் படிந்து மின் தொடர்பையே கெடுக்கும்.

ஜெம் கிளிப் கம்பி (1 மி.மீ.) எடுத்து ‘ப’ வடிவில் வளைக்கவும். கால்கள் 8 மி.மீ., நடு அகலம் 3 மி.மீ. மூடியின் உட்பக்கத்தில் கம்பி படுக்க இரண்டு பள்ளம் கீறி, கம்பியை வைத்து, 25 வாட் சால்டரிங் அயர்ன் நுனியால் கம்பியை மட்டும் சூடாக்கினால் அது பிளாஸ்டிக்குள் இறங்கும். இரண்டு மூன்று விநாடிக்கு மேல் வைத்தால் மூடியே நெளியும். வளைவு மட்டும் ஓரத்தைத் தாண்டி 1.2 மி.மீ. நீட்டி நிற்க வேண்டும். பிறகு கால்களின் மேல் இரண்டு குழாயில் வரும் எபாக்சி பசை, சம அளவு கலந்து. ஐந்து நிமிட ரகம் வேண்டாம், மெதுவாக இறுகும் ரகத்தைப் பூசி 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள். கம்பிக்கும் பேட்டரித் தகட்டுக்கும் நடுவே குறைந்தது 2 மி.மீ. இடைவெளி.

ஒரு குறை: எஃகுக் கம்பி பாடியின் பிளாஸ்டிக் விளிம்பைத் தேய்க்கும். அந்த விளிம்பு போனால் பிறகு கேமராவையே பிரிக்க வேண்டிவரும், ஃபிளாஷ் கெபாசிட்டரில் 300 வோல்ட் நிற்கும் இடம் அது, வேண்டாத வேலை. வளைவை அரத்தால் மழுக்கி, கொஞ்சம் மெழுகுவர்த்தி தேய்த்துவிடுங்கள்.

ஒளிப்பெட்டி:

நன்றி சார், டிரைபாட் நான் தொடுவதே இல்லை, பட்டை வழிக்கே போகிறேன். துளையிலிருந்து மூடி ஓரம் 34 மி.மீ., ஆழம் 5 மி.மீ., மரை பிளாஸ்டிக். வீட்டில் கிடந்த 6 மி.மீ. போல்ட்டை விட்டுப் பார்த்தேன்: இரண்டு சுற்று போனது, பிறகு இறுகுகிறது. அப்படியே திருகலாமா?

திருகாணி:

உடனே வெளியே எடுங்கள்! டிரைபாட் துளை கால் இன்ச், இன்சுக்கு 20 மரை. அதாவது 6.35 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 1.27 மி.மீ. உங்கள் 6 மி.மீ. போல்ட்டில் மரைக்கு மரை 1 மி.மீ.தான். விட்டம் சிறிது என்பதால் உள்ளே நுழைகிறது, மரை இடைவெளி பொருந்தாததால் இரண்டாவது சுற்றில் சிக்குகிறது. பிளாஸ்டிக் மரையில் இன்னும் ஒரு சுற்று திருகினால் மரை வழித்துக்கொண்டு வந்துவிடும், பிறகு இந்த வழியும் அடைபடும்.

போல்ட் கடையில் ‘கால் இன்ச், பழைய இன்ச் மரை’ என்று கேளுங்கள். விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் அளவு) மரை கொடுத்தாலும் பரவாயில்லை. மரையின் கோணம் 60-க்குப் பதில் 55 டிகிரி, ஆனால் இன்சுக்கு 20 என்பது ஒன்றுதான். இந்தச் சின்ன ஆழத்துக்கு ஒழுங்காக ஏறும். தினம் திறப்பதற்கு ஸ்பேனர் தேட வேண்டாம். ஆக்ஸாவில் இரண்டு பிளேடைச் சேர்த்து மாட்டி போல்ட் தலையில் குறுக்கே ஒரு வெட்டுப் போட்டால் ஒரு ரூபாய் நாணயம் நுழையும். அரைச் சுற்று தளர்த்தினால் போதும், பட்டை பக்கவாட்டில் திரும்பிவிடும், மூடி திறக்கும். இறுக்கும்போது ரப்பர் நசுங்கத் தொடங்கியதும் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் மரை அதற்கு மேல் பொறுக்காது.

செல்லும்_சொல்லும்:

பட்டை போட்டபிறகும் கேமரா உயிர் பெறவில்லை என்றால் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பல மாடல்களில் மூடியின் உள்விளிம்பில் ஒரு சிறு முளை இருக்கும். மூடும்போது அது பாடியிலுள்ள குட்டி சுவிட்சை அழுத்தும். கொக்கியோடு சேர்ந்து அதுவும் முறிந்திருந்தால் செல் எவ்வளவு இறுகினாலும் கேமரா மூடி திறந்திருப்பதாகவே நினைக்கும். பல்குத்தும் குச்சியில் 2 மி.மீ. வெட்டி மூடியில் ஒட்டுங்கள். சுவிட்சின் துளைக்குள் குச்சியைச் செருகி நிரந்தரமாக அழுத்தி வைக்காதீர்கள். கார்டில் படம் எழுதிக்கொண்டிருக்கும்போது மூடியைத் திறந்தால் கேமராவுக்குத் தெரியாது, கார்டில் உள்ள கோப்புகள் கெட்டுப்போகும்.

தொடர்பு போதவில்லை என்று சமையல் அலுமினியத் தாளை மடித்துத் திணிப்பவர்களும் உண்டு. அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படிந்து தடை ஏறும். தாள் நகர்ந்து பக்கத்துக் கார்டு இடுக்கைத் தொட்டால் ஷார்ட். அதற்குப் பதில் தகட்டையே பென்சில் ரப்பரால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது அல்கலைன் செல் கசிந்த எச்சம். பஞ்சுக்குச்சியில் ஒரு துளி வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹால். செல்லின் இரு முனையையும் மறக்காமல் துடைக்கவும்.