ஹொக்கி கார்ட் பக்கெட் வாங்க முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ

கனடாவுக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்காக எழுதுகிறேன். பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், அதிலும் இலையுதிர் காலத்தில், "அப்பா, எனக்கும் ஹொக்கி கார்ட் வேணும்" என்று வந்து நிற்கும். ஐஸ் ஹொக்கி வீரர்களின் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டைகள்தான் இவை; என்ன இருக்கிறது என்று தெரியாதபடி மூடிய பக்கெட்களில் வரும். டிம் ஹோர்ட்டன்ஸில் கோப்பியோடு மேலதிகமாகக் கொஞ்சக் காசு கொடுத்தால் சின்னப் பக்கெட் ஒன்று தருவார்கள். 2015 இல் தொடங்கிய வழக்கம் இது. தயங்காமல் வாங்கிக் கொடுங்கோ. வகுப்பில் யாரையும் தெரியாத பிள்ளைக்கு நாலு பேரோடு கதைக்க அதைவிட மலிவான வழி இல்லை.

காசு கரைவது அதற்கு அடுத்த படியில். வோல்மார்ட்டில் மினுங்குகிற பெட்டிகளைப் பார்த்து, "அதிர்ஷ்டம் இருந்தால் பெரிய கார்ட் வரும்" என்று ஒவ்வொரு கிழமையும் வாங்கத் தொடங்குவோம். அங்கேதான் கணக்குப் பார்க்க வேண்டும்.

2014-15 பருவத்திலிருந்து என்எச்எல் (வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்) கார்ட்களை அச்சிடும் உரிமை அப்பர் டெக் நிறுவனத்திடம் இருக்கிறது. அவர்களின் முக்கிய வெளியீடு சீரீஸ் 1, சீரீஸ் 2 என்று பருவத்துக்கு இரண்டு தடவை வரும். எல்லாரும் தேடுவது அதில் வருகிற 'யங் கன்ஸ்' கார்ட்களை. அவை புதுமுக வீரர்களின் முதல் கார்ட்கள். சிட்னி குரொஸ்பிக்கு 2005-06 இல், கொனர் மக்டேவிட்டுக்கு 2015-16 இல் வந்தவை இன்றைக்கும் பெரிய விலை. ஆனால் சீரீஸ் 1 இல் வழமையாக 50 யங் கன்ஸ் இருக்கும். கடைப் பக்கெட்களில் சராசரியாக 4 பக்கெட்டுக்கு ஒன்றுதான் வரும் (பெட்டி வகையைப் பொறுத்து இது மாறும், பக்கெட்டிலேயே சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்). அப்படியென்றால் நீங்கள் நினைத்த ஒரே ஒரு வீரரின் கார்ட் கிடைக்க சராசரியாக 200 பக்கெட் உடைக்க வேண்டும். அதே கார்டைத் தனியாக வாங்கினால்? பெரிய நட்சத்திரங்களை விட்டால், பெரும்பாலானவை ஒரு சில டொலர்தான்.

ஆகவே என் முதல் அறிவுரை, கடைசி அறிவுரை எல்லாம் இதுதான்: பக்கெட் உடைப்பது பிறந்தநாள், நத்தார் மாதிரி ஒரு கொண்டாட்டத்துக்கு இருக்கட்டும். சேகரிப்பைத் தனிக் கார்ட்களாக வாங்கிக் கட்டுங்கோ. புது வெளியீடு வந்த கிழமையில் விலை உச்சத்தில் நிற்கும். இரண்டு மூன்று மாதம் பொறுத்தால் பொதுவாக இறங்கிவிடும். கோடையில், ஆட்டம் இல்லாத நேரத்தில், இன்னும் மலிவு.

விலையை எப்படி அறிவது? ஈபேயில் ஒருவர் கேட்கிற விலை விலையே அல்ல. 'விற்கப்பட்டவை' என்று வடிகட்டிப் பாருங்கோ. கடைசியாக நாலைந்து பேர் உண்மையில் கொடுத்த காசு தெரியும். அது அமெரிக்க டொலரா கனடா டொலரா என்றும், அனுப்பும் செலவையும் பாருங்கோ. 2 டொலர் கார்டுக்கு அதைவிடக் கூடத் தபால் செலவு கொடுத்தால் மிஞ்சுவது என்ன? ஒரே விற்பனையாளரிடம் பத்துக் கார்டைச் சேர்த்து வாங்கினால்தான் கட்டுப்படியாகும்.

அதைவிட நல்லது பக்கத்தில் இருக்கிற கார்ட் கடை. ஒரு டொலர், இரண்டு டொலர் பெட்டிகள் வைத்திருப்பார்கள், கிண்டிப் பார்க்கலாம். ரொறன்ரோ பக்கம் இருப்பவர்கள் ஸ்போர்ட் கார்ட் எக்ஸ்போவுக்கு ஒருமுறை போங்கோ. இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் வரும், பல வருடமாக மிசிசாகாவில் நடந்து வருகிறது. அங்கே பேரம் பேசலாம், யாரும் குறை நினைக்க மாட்டார்கள். ஐந்தாறு கார்டை ஒன்றாக எடுத்துக் கொடுத்து "எல்லாத்துக்கும் எவ்வளவு?" என்று கேளுங்கோ.

இனி மிக முக்கியமான எச்சரிக்கை. கராஜ் சேலிலோ கிஜிஜி விளம்பரத் தளத்திலோ 1990-91 ஆம் ஆண்டுப் பெட்டிகள் பிரிக்காமலே விற்பனைக்கு வரும். முப்பது வருடத்துக்கு மேல் பழையது, தங்கம் மாதிரி ஏறியிருக்கும் என்று தோன்றும். ஏறவில்லை. அந்தப் பருவத்தில் அப்பர் டெக், புரோ செட், ஸ்கோர் என்று புது நிறுவனங்கள் ஒரேயடியாக ஹொக்கிக்குள் வந்து அளவில்லாமல் அச்சடித்தன. வாங்கியவர்களும் பிற்காலத்தில் விலை போகும் என்று பத்திரமாக வைத்துவிட்டார்கள். எல்லார் வீட்டிலும் இருக்கிற பொருளுக்கு ஆர் காசு கொடுப்பது? முதலீடு என்று வாங்காதேங்கோ. ஆனால் மிக மலிவாகக் கிடைத்தால் பிள்ளையோடு இருந்து உடைக்க அருமையான பெட்டி அது. யரோமிர் யாகர், செர்கேய் பெடரோவ், பின்னாளில் ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸ் அணித் தலைவரான மட்ஸ் சுண்டின் எல்லாரும் அந்த வருடப் புதுமுகங்கள்.

இதற்கு நேரெதிர், ஹொக்கியின் மிகப் பெரிய நட்சத்திரமான வெய்ன் கிரெட்ஸ்கியின் 1979-80 புதுமுகக் கார்ட். ஒன்ராறியோவின் லண்டன் நகரத்து ஓ-பீ-சீ நிறுவனம் அச்சிட்டது. குறையே இல்லாத ஒரு பிரதி 2021 இல் 37.5 லட்சம் அமெரிக்க டொலருக்குப் போனது. அதனால்தான் போலிகளும் மறுபதிப்புகளும் அவ்வளவு. சந்தையில் யாராவது "அவசரக் காசு வேணும், சும்மா 300 டொலர் தாங்கோ" என்றால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நடவுங்கோ.

இணைய நேரலையில் ஒருவர் பெட்டி உடைக்க, நாங்கள் ஒரு அணிக்குக் காசு கட்டி அந்த அணியின் கார்ட் வந்தால் மட்டும் எடுத்துக்கொள்கிற 'பிரேக்' பக்கம் தொடக்கத்தில் போகவே வேண்டாம். காசு கட்டிவிட்டு ஒரு கார்ட்கூடக் கையில் வராமல் போகலாம்.

எதைச் சேர்ப்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு: முதலே ஒரு வரம்பு வையுங்கோ. ஒரு அணி, அல்லது கோல் காப்பாளர்கள் மட்டும். எனக்குப் பிடித்த வரம்பு தெற்காசியப் பின்னணி வீரர்கள். 1989 இல் ஆடவந்த ரொபின் பாவாதான் என்எச்எல்லில் முதல் இந்திய வம்சாவளி வீரர். மிசிசாகாவில் பிறந்த மனி மல்ஹோத்ரா 900க்கு மேற்பட்ட ஆட்டம் ஆடியவர், அவருடைய கார்ட்கள் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். எங்கள் நிறத்தில் ஒரு முகத்தை அந்தச் சட்டையில் பார்க்கிறபோது பிள்ளையின் கண் விரிவதற்கு விலை இல்லை.

கார்ட்களைப் பழுதாகாமல் வைத்திருக்க: மெல்லிய பிளாஸ்டிக் உறை, நல்லவற்றுக்கு மேலே கெட்டி உறை, மிச்சத்துக்கு 9 அறைத் தாள் போட்ட கோப்பு. றப்பர் பாண்ட் போடக் கூடாது. பேஸ்மென்டில் குடியிருப்பவர்கள் கோடை ஈரத்தில் கார்ட் வளையாமல் கவனமாக இருங்கோ. தரையில் வைக்காமல் மேல் தட்டில் வையுங்கோ. கார்டின் நிலையைப் பார்த்துப் புள்ளி போடுகிற நிறுவனங்களுக்குத் தரமிட அனுப்புகிற செலவு சாதாரணக் கார்டின் விலையையே தாண்டிவிடும், இப்போதைக்கு மறவுங்கோ.

இரட்டிப்பாக வந்த டிம் ஹோர்ட்டன்ஸ் கார்ட்களை எறியாதேங்கோ. வரிசையில் எது குறைகிறது என்று பிள்ளையே ஒரு தாளில் எழுதி வைத்து, மற்றப் பிள்ளைகளோடு மாற்றிக்கொள்ளட்டும். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகலாமா என்று ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கோ. மாற்றியதில் பிள்ளைக்கு நட்டம் என்று உங்களுக்குத் தோன்றினாலும், போய்த் திருப்பி வாங்காதேங்கோ.