எச்ஆர் வேலையை விட்டுவிட்டு நிறுவன உளவியலில் முதுகலை படிக்கப் போகலாமா?

நூல்மில்_கோவை:

எல்லாருக்கும் வணக்கம். பி.எஸ்சி. உளவியல் முடித்து ஆறு வருடம் ஆகிறது. கோவைக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் எச்ஆர் பிரிவில் இருக்கிறேன். ஆள் எடுப்பது, பிஎஃப், இஎஸ்ஐ, ஹாஸ்டல் புகார் என்று இதிலேயே பொழுது போய்விடும்.

ஒரு விஷயம் மட்டும் மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது. புதிதாகச் சேர்கிறவர்களில் நிறையப் பேர் மூன்று மாதம் தாண்டுவதில்லை. ஏன் போகிறீர்கள் என்று கேட்டால் ஊரில் திருவிழா, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்வார்கள். அதே சம்பளம், அதே ஷிப்ட், அதே சாப்பாடுதான், ஆனால் ஒரு குறிப்பிட்ட சூப்பர்வைசரிடம் போனவர்கள் மட்டும் நிற்கிறார்கள். ஒன்றரை வருடக் கணக்கை எக்செல்லில் போட்டு மேலாளரிடம் காட்டினேன். "அது அவரோட ராசிம்மா" என்று சொல்லி ஃபைலை மூடிவிட்டார். அன்றைக்குத்தான் இதை முறையாகப் படிக்க வேண்டும் என்று தோன்றியது.

வீட்டில் எம்பிஏ படி என்கிறார்கள். எனக்கு அமெரிக்காவில் ஐஓ சைக்காலஜி, அதாவது தொழில் மற்றும் நிறுவன உளவியலில் எம்.எஸ். படிக்க ஆசை. வயது 28. பிளஸ் டூவுக்குப் பிறகு கணக்குப் பக்கமே போகவில்லை. இந்தப் படிப்பில் உண்மையில் என்ன சொல்லித் தருகிறார்கள், படித்தால் வேலை கிடைக்குமா?

கடல்கடந்தவன்:

நான் அங்கே ஐஓ எம்.எஸ். முடித்து நான்கு வருடமாக ஆள் தேர்வுப் பரீட்சைகள் வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். முதலில் கணக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னோடு சேர்ந்தவர்களில் இரண்டு பேர் முதல் பருவத்திலேயே விட்டுப் போனதற்கு அதுதான் காரணம். மனிதர்களைப் புரிந்துகொள்ளும் படிப்பு என்று நினைத்து வந்தார்கள், வந்து பார்த்தால் ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிடும் ரிக்ரெஷன், பல கேள்விகளுக்குப் பின்னால் இருக்கும் பொது அம்சங்களைப் பிரித்தெடுக்கும் ஃபேக்டர் அனாலிசிஸ், ஒரு கேள்வித்தாள் அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறதா என்று நிரூபிப்பது, இதுவே பாதிப் படிப்பு. நானும் கணக்கில் சுமார்தான். ஆறு மாதம் தினமும் உட்கார்ந்தால் பிடிபட்டுவிடும். பயம் இருந்தால் பரவாயில்லை, வெறுப்பு இருந்தால் வர வேண்டாம்.

என்ன சொல்லித் தருவார்கள் என்றால், உதாரணத்துக்கு நேர்முகத் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். 1998-இல் ஷ்மிட், ஹன்டர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து, ஒருவர் வேலையில் எப்படி இருப்பார் என்பதைக் கணிப்பதில் பொது அறிவுத்திறன் சோதனைக்கு முன்வரிசை இடம் கொடுத்தார்கள். ரொம்ப நாள் அதுதான் எல்லாருக்கும் பாடம். 2022-இல் சாக்கெட் என்ற ஆய்வாளரின் குழுவினர் அந்தக் கணக்கில் செய்த புள்ளியியல் திருத்தங்கள் அளவுக்கு மீறியவை என்று காட்டி மறுபடி போட்டார்கள். அறிவுத்திறன் சோதனையின் கணிப்புத் திறன் (1 என்றால் முழுத் துல்லியம்) 0.31-க்கு இறங்கியது, எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்முகம் 0.42-உடன் மேலே வந்தது. இருபது வருடம் பாடமாக இருந்ததையே துறைக்குள் இருப்பவர்கள் பிரித்துப் பார்த்தார்கள் பாருங்கள், அதைப் படித்த அன்றைக்கு நான் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

வேலை விஷயம். அமெரிக்காவில் இந்தத் துறைக்கு ஆள் தேவைப்படுவதற்குச் சட்டமும் ஒரு பெரிய காரணம். 1971-இல் கிரிக்ஸ் எதிர் டியூக் பவர் வழக்கில், ஒரு பரீட்சை கருப்பினத்தவரை அதிகமாக வடிகட்டினால் அது அந்த வேலைக்குத் தொடர்புள்ளது என்று நிறுவனம்தான் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1978-இல் விரிவான விதிகளும் வந்தன. ஆண்களில் நூற்றுக்கு 50 பேர் தேர்வாகி, பெண்களில் நூற்றுக்கு 30 பேர்தான் தேர்வானால் விகிதம் 60 சதவீதம். ஐந்தில் நான்கு பங்குக்கு, அதாவது 80-க்குக் கீழே போனதால் கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் தயாரிக்கத்தான் எங்களை வைத்திருக்கிறார்கள்.

பணம்: பிஎச்.டி. என்றால் பெரும்பாலும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து உதவித்தொகையும் தருவார்கள். எம்.எஸ்.ஸுக்கு அநேகமாக உங்கள் கைக்காசு, நான் கடனில்தான் படித்தேன். 2022 ஜனவரியில் இந்தப் பாடத்தை ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் சேர்த்தார்கள், அதனால் படிப்புக்குப் பின் மாணவர் விசாவிலேயே வேலை பார்க்க விடும் 12 மாத ஓபிடியோடு இன்னும் 24 மாதம் நீட்டிக்க விண்ணப்பிக்கலாம். ஆனால் மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் எந்தப் பாடக் குறியீடு போடுகிறார்கள் என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். சில இடங்களில் பொது உளவியல் என்று பதிந்திருப்பார்கள், அப்போது இது கிடைக்காமல் போகலாம். மாணவர் விசா வேலை விசாவாக மாறுவதெல்லாம் குலுக்கல், அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

சென்னை_ஓடி:

நான் சென்னையில் படித்துச் சென்னையிலேயே வேலை பார்க்கிறவள், அதனால் உள்ளூர் நிலவரம். நம் ஊரில் "ஐஓ சைக்காலஜிஸ்ட் தேவை" என்று விளம்பரம் தேடினால் கிடைக்காது. டேலண்ட் அசெஸ்மென்ட் (திறன் மதிப்பீடு), பீப்பிள் அனலிட்டிக்ஸ் (ஊழியர் தரவுகளை அலசுவது), ஓடி (நிறுவன மேம்பாடு), லேர்னிங் அண்ட் டெவலப்மென்ட் (ஊழியர் பயிற்சி), இந்தப் பெயர்களில் தேடுங்கள். அங்கே எம்பிஏக்காரர்களோடுதான் போட்டி. சரியான அளவுகோல் செய்யத் தெரிந்தவர் அந்தக் கூட்டத்தில் குறைவு, நம் பலம் அதில்தான் இருக்கிறது.

முக்கியமாக ஒன்று. வேலையை விடாமல் தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. உளவியல் படித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் பழைய தகவல். இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டில் நிறுவன உளவியலைச் சிறப்புப் பாடமாக எடுக்கும் வசதி இருந்தது, எத்தனையோ பேர் அப்படிப் படித்தார்கள். 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி நிறுத்திவிட்டது. இன்னும் "அட்மிஷன் ஓப்பன்" என்று போன் செய்பவர்களிடம் பணம் கட்டிவிடாதீர்கள். ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு வேண்டுமா என்று பயப்படவும் வேண்டாம், அது நோயாளிகளைப் பார்க்கும் கிளினிக்கல் பக்கம்.

என் சொந்த அபிப்பிராயம், நேரடி எம்.ஏ. இங்கே முடித்து இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, ஆசை அப்போதும் இருந்தால் வெளிநாட்டில் பிஎச்.டி.க்குப் போடுங்கள்.

பழைய_பஞ்சாலை:

அம்மா, நான் ஓய்வு பெற்றவன், முப்பது வருடம் மில்லில் இருந்தேன். நீங்கள் கேட்பது நம் தொழிலுக்குப் புதிதில்லை. 1953-இல் அகமதாபாத் காலிகோ மில்லில் லண்டன் டாவிஸ்டாக் என்ற மனித உறவு ஆய்வு நிறுவனத்தின் ஏ.கே.ரைஸ் தறிக்கூடத்தில் ஒரு மாற்றம் செய்தார். ஆளுக்கு ஒரு வேலை என்று பிரித்து வைத்திருந்ததை விட்டு, ஒரு சிறு குழுவுக்குக் குறிப்பிட்ட தறிகளை முழுப் பொறுப்பாகக் கொடுத்தார்கள். உற்பத்தி கூடியது, துணிச் சேதம் குறைந்தது. உலகம் முழுக்க இன்றும் பாடத்தில் இருக்கிறது. அதே ஊரில் அட்டிரா என்ற ஜவுளித் தொழில் ஆய்வு நிலையத்தில் கமலா சௌத்ரி மில் தொழிலாளர்களை வைத்து ஆய்வு செய்தார், பிறகு ஐஐஎம் அகமதாபாத்தின் தொடக்க காலப் பேராசிரியர் ஆனார்.

உங்கள் கணக்கில் ஒரு சந்தேகம். அந்த சூப்பர்வைசரிடம் யாரைப் போடுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? நிற்கக்கூடிய ஆட்களாகப் பார்த்து அவரிடம் போயிருந்தால், அவரால் நின்றார்கள் என்று எப்படிச் சொல்வீர்கள்?

நூல்மில்_கோவை:

ஐயா, இதைப் படித்துவிட்டு அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஏற்கெனவே எங்கள் மில்லில் இருப்பவர்களின் தங்கை, பக்கத்து வீட்டுப் பெண் என்று தெரிந்தவர்கள் மூலம் வருகிறவர்களைத்தான் பெரும்பாலும் அவரிடம் போடுகிறோம், அவர் நன்றாகச் சொல்லித் தருவார் என்பதற்காக. ஏஜென்ட் மூலம் வருகிறவர்கள் மற்ற இருவரிடம். போடுவது நானேதான்.

தெரிந்தவர் மூலம் வந்தும் மற்ற இருவரிடம் போனவர்கள் கொஞ்சம் பேர் இருப்பார்கள், அவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும் இல்லையா? சேர்க்கைப் பதிவேட்டில் யார் மூலம் வந்தார்கள் என்று ஒரு கட்டம் இருக்கிறது, எக்செல்லில் ஏற்றும்போது அதை விட்டுவிட்டேன். திங்கட்கிழமை எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். கடல்கடந்தவன் அண்ணா, ரிக்ரெஷனைத் தொடக்கத்திலிருந்து படிக்க எதில் ஆரம்பிக்கலாம் என்று சொல்லுங்கள், இன்று இரவே உட்கார்கிறேன்.