செடியே கிடைக்காத பாறையில் செடியின் ஸ்போர் மட்டும் எப்படி?

பாறைப்பித்தன்:
ரொம்ப நாளாக உறுத்தும் சந்தேகம். கண்ணால் பார்க்கக்கூடிய மிகப் பழைய நிலத்தாவரப் புதைபடிவம் குக்சோனியா, அதற்கு ஏறத்தாழ 43 கோடி வயது என்று படித்தேன். ஆனால் செடிகள் 47 கோடி ஆண்டுகளுக்கு முன்பே கரையேறிவிட்டன என்றும் எழுதுகிறார்கள், ஆதாரம் அர்ஜென்டினாவில் கிடைத்த ஸ்போர்களாம் (பெரணி, பாசம் போன்றவை விதைக்குப் பதிலாக உதிர்க்கும் நுண்ணிய தூள்). இடையில் 4 கோடி ஆண்டுகள்! தண்டு மக்கிப்போக, தூள் மட்டும் எப்படித் தங்கியது? அதுவும் கடலில் படிந்த பாறையில் கிடைத்ததைப் பாசி இல்லை, நிலத்துச் செடிதான் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

பெரணிக்காரி:
தங்கியதற்குக் காரணம் ஸ்போரின் உறை. ஸ்போரோபொலெனின் என்ற பொருள், அதை அவ்வளவு லேசில் எதுவும் அரிக்காது. பாறைத்துண்டை முதலில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டுச் சுண்ணாம்பைக் கரைப்பார்கள், அப்புறம் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் சிலிக்காவை. பாறையே கரைந்து போய்விடும், ஸ்போர் அப்படியே அடியில் கிடக்கும். (பயிற்சி பெற்றவர்கள் ஆய்வகத்தில் மட்டும் செய்யும் வேலை இது, அந்த அமிலம் உயிரையே வாங்கிவிடும்.) ஆனால் எல்லாப் பாறையும் இதற்கு உதவாது. சாம்பல் நிற வண்டல் பாறை வேண்டும், சிவந்த பாறையென்றால் ஆக்சிஜன் பட்டு எல்லாம் அழிந்திருக்கும். கடலில் கிடைப்பதிலும் ஆச்சரியமில்லை, இத்தனூண்டு தூளைக் காற்றும் ஆறும் கடல்வரை கொண்டுபோய்விடும்.

பாசியா என்ற கேள்விதான் முக்கியமானது. நிலத்தாவரங்களுக்கு நெருங்கிய உறவான காரோஃபைட் பாசிகளில் அந்தக் கெட்டி உறை சைகோட்டை, அதாவது கருவுற்ற செல்லை, சுற்றி இருக்கும். நிலத்தாவரங்களில் குன்றல் பகுப்பு (குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் செல் பிரிவு) முடிந்து பிறக்கும் நான்கு ஸ்போர்களைச் சுற்றி. அர்ஜென்டினா ஸ்போர்கள் பலவும் நான்கு நான்காக ஒட்டியபடியே இருக்கின்றன, அதனால்தான் நிலத்துச் செடி என்கிறார்கள்.

ஊர்க்குருவி:
அதோடு ஓமனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஆழ்துளையில் எடுத்த ஆர்டோவிசியன் காலத்துப் (ஏறத்தாழ 48.5 முதல் 44.4 கோடி ஆண்டுகளுக்கு முன்) பாறையில் ஸ்போர்கள் கும்பலாக, அவை உருவான பையின் கிழிசலோடு கிடைத்தன, 2003இல் வெளியிட்டார்கள். எனக்கு அதுதான் பெரிய சான்று. தனியாக மிதக்கும் தூளை யாருடையது என்று வேண்டுமானாலும் சொல்லலாம், பைக்குள் இருப்பதைச் செடியிலிருந்து எப்படிப் பிரிப்பது?

ஆனால் பெரணிக்காரி, நான்கு சேர்ந்திருந்தாலே முழு நிலத்தாவரம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆஸ்திரேலியாவின் கேனிங் படுகையில் ஏறத்தாழ 48 கோடி ஆண்டுப் பழைய ஸ்போர்களை 2021இல் விவரித்தார்கள், அவை பாசிக்கும் செடிக்கும் நடுவே நிற்பவை. ஸ்போர் உறை முதலில் வந்தது, செடியின் உடல் பிறகு மெல்ல மெல்லச் சேர்ந்தது என்றால் அந்த 4 கோடி ஆண்டு இடைவெளியில் பாதி மர்மம் குறைந்துவிடும்.

பாறைப்பித்தன்:
உடல் பிறகு வந்திருக்கலாம் என்று நான் யோசிக்கவே இல்லை, நன்றி இருவருக்கும். ஸ்போரில் ஆங்கில ஒய் (Y) எழுத்துப் போன்ற மூன்று கோடுகள் என்று படித்தேனே, அது இந்த நான்கில் வருவதா?

பெரணிக்காரி:
ஆமாம், நான்கும் ஒட்டியிருந்து பிரிந்த தழும்பு அது. இன்றைய செடியிலும் பார்க்கலாம். கிணற்றுச் சுவரில் வளரும் அடியாண்டம் பெரணி இலையின் ஓரத்தை வெள்ளைத்தாளில் தட்டி, விழும் தூளை நுண்ணோக்கியில் வையுங்கள். கண்ட பெரணியையும் எடுக்காதீர்கள், பலவற்றில் ஒற்றைக் கோடுதான் இருக்கும்.