டெக்கியோன்: டேக்வாண்டோவின் தாய்க்கலையா?

கேள்வி:
டேக்வாண்டோ கொஞ்சம் பழகியிருக்கிறேன். டெக்கியோன் என்ற கொரியத் தற்காப்புக் கலையின் காணொளி ஒன்றில், வெள்ளைக் கொரிய உடையில் இரண்டு பேர் ஆடுகிற மாதிரி அசைந்துகொண்டே இருந்து, சட்டென்று ஒருவர் கால் மற்றவர் முகம் வரை போகிறது. இதிலிருந்துதான் டேக்வாண்டோ வந்தது என்கிறார்களே, உண்மையா? புதிதாகச் சேர்ந்தால் எதில் தொடங்குவார்கள்?

பதில் 1:
நேரடி வாரிசு என்பதை நான் ஏற்கமாட்டேன். டேக்வாண்டோ என்ற பெயரே 1955-இல் வந்தது, அதன் ஆரம்பப் பள்ளிகளை நடத்தியவர்களில் பலர் ஜப்பானில் கராத்தே கற்றவர்கள். டெக்கியோன் கொரியாவை ஜோசன் வம்சம் ஆண்ட காலத்தில் சாதாரண மக்கள் விளையாடியது; ஜப்பானிய ஆட்சியில் (1910-45) அநேகமாக அழிந்தே போனது. மிஞ்சியது 1893-இல் பிறந்த சோங் தோக்-கி என்ற ஒரு முதியவரிடம்தான். அவரிடம் கற்ற ஷின் ஹான்-சுங் அதை முறைப்படுத்தி அரசு அங்கீகாரத்துக்கு அலைந்தார், 1983-இல் கிடைத்தது. இருவருமே 1987-இல் இறந்தார்கள், அதாவது இன்னும் சில வருடம் தாமதித்திருந்தால் கதை முடிந்திருக்கும்! யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது 2011-இல்.

பதில் 2:
உதை அப்புறம்தான், முதலில் பும்பால்கி என்ற காலடி. தரையில் முக்கோணம் இருப்பதாக நினைத்துக்கொண்டு அதன் முனைகளில் மாறி மாறி மிதிக்க வேண்டும், முழங்கால் மடங்கி நிமிரும், இடுப்பு முன்னே வரும், கைகள் தளர்ந்து வீசும். பார்க்க எளிது, ஆனால் டேக்வாண்டோக்காரர்களுக்கு உடம்பு விறைப்பாகவே நிற்கும். "ஈக், எக்" என்று குரல் கொடுப்பதும் உண்டு. போட்டியில் குத்து கிடையாது. எதிராளியைக் கீழே விழவைத்தாலோ முகத்தில் உதை பட்டாலோ வெற்றி. உடம்பில் உதைக்கும்போது பட்டென்று அடிக்காமல் தள்ளிவிட வேண்டும், காயம் படக்கூடாது என்பதற்காக. தட்டிவிடுவது, காலை வாருவது எல்லாம் சரி. எனக்குப் பிடித்ததே அந்த வாருதல்தான், அதில் பலத்தைவிட நேரம் பார்த்துச் செய்வதுதான் முக்கியம்.

பதில் 3:
தள்ளுவதெல்லாம் போட்டிக்கான விதி. பழைய முறையில் முரட்டு அடிகளும் உண்டு, அதை எவ்வளவு கற்பிப்பது என்பதில் கொரியாவில் உள்ள சங்கங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. அதனால் சேருமுன் அந்தப் பயிற்சியாளர் எந்தச் சங்கத்து வழி என்று கேளுங்கள், அசைவுகளே வேறாக இருக்கும்.

கேட்டவர்:
சரி, என் முழங்கால் அவ்வளவு நல்ல நிலையில் இல்லை. காலடி பழகலாமா?

பதில் 2:
மருத்துவரிடம் கேட்டுவிட்டு, குறைவாக மடக்கி மெதுவாகத் தொடங்குங்கள். பாதமும் முழங்காலும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.