பதினொன்றாம் வகுப்பில் நான்காவது பாடம்: உயிரியலா, கணினி அறிவியலா?

திருப்பாதிரிப்புலியூர்த் தாய்:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் கடலூரில் ஓர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றிருக்கிறாள். கணிதத்தில் 88, அறிவியலில் 93 மதிப்பெண்கள். அதே பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகிய மூன்றையும் எடுப்பது என்று முடிவாகிவிட்டது. நான்காவதாக உயிரியலைச் சேர்ப்பதா, கணினி அறிவியலைச் சேர்ப்பதா என்பதில்தான் ஒரு வாரமாக வீட்டில் பேச்சு நடக்கிறது. திங்கட்கிழமைக்குள் விண்ணப்பத்தில் எழுதித் தர வேண்டும்.

மருத்துவம் படிக்க விருப்பமில்லை என்று அவளே தெளிவாகச் சொல்லிவிட்டாள். ஆனால் தேவனாம்பட்டினக் கடற்கரைக்குப் போகும்போதெல்லாம், வலை உதறும் இடத்தில் கிடக்கும் சிப்பி, சங்கு, நண்டு ஓடு ஆகியவற்றைப் பொறுக்கி வந்து, கழுவிக் காய வைத்து, ஊறுகாய் பாட்டில்களில் போட்டு, அங்குள்ளவர்களிடம் கேட்டறிந்த பெயரை எழுதி ஒட்டி வைக்கிறாள். சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் என் கணவரோ, எப்படியும் பொறியியலுக்குத்தானே போகப் போகிறாள், உயிரியலைப் படித்து எதற்கு வீண் சுமை என்கிறார். ஒரு பாடத்துக்கு மட்டுமே எங்களால் டியூஷன் வைக்க முடியும். நான்கு பாடங்களையும் அவள் தாங்குவாளா என்பதே என் கவலை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பணி நிறைவு பெற்ற ஆசிரியர்:

அம்மா, முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேல்நிலை வகுப்புகளில் தாவரவியல் கற்பித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் சுமையின் அளவைச் சொல்லிவிடுகிறேன். மாநிலப் பாடத்திட்டத்தில் கணிதத்துடன் உயிரியல் எடுப்பவர்களுக்கு உயிரி-தாவரவியல், உயிரி-விலங்கியல் என்று இரண்டு புத்தகங்கள் உண்டு. தேர்வில் இரண்டும் சேர்ந்து ஒரே பாடம்தான்: எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அக மதிப்பீட்டுக்கு 10. ஆகவே மதிப்பெண் ஒரு பாடத்துக்கு உரியது, படிப்பு கிட்டத்தட்ட ஒன்றரைப் பாடத்துக்கு உரியது. இதை மறைத்துவிட்டு உயிரியலைப் பரிந்துரைப்பது நியாயமாகாது.

ஆனாலும் நான் உயிரியலையே எடுக்கச் சொல்வேன். காரணம் இதுதான்: கணினி அறிவியலில் பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் என்று சொல்லித் தருகிறார்கள். நல்ல பாடம்தான். ஆனால் பொறியியல் கல்லூரியில் எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் நிரல் எழுதுவதை முதலாண்டிலேயே அடிப்படையிலிருந்து தொடங்குகிறார்கள். பள்ளியில் படிக்காதவர்களும் கற்றுக்கொள்கிறார்கள். உயிரியலை விட்டவருக்கு அப்படி ஒரு மறுவாய்ப்பு எளிதில் அமைவதில்லை. செவிலியர் படிப்பு, கால்நடை மருத்துவம், மீன்வளப் படிப்பு, துணை மருத்துவப் படிப்புகள் என மருத்துவர் ஆகாமலேயே செல்லக்கூடிய எத்தனையோ வழிகள் அதனுடன் அடைபட்டுவிடும். தமிழ்நாட்டின் மாநில ஒதுக்கீட்டில் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் அடிப்படை. உங்கள் மகள் சேர்த்து வைத்திருக்கும் சிப்பிகளைப் பற்றிப் படித்தபோது எனக்குப் பரங்கிப்பேட்டைதான் நினைவுக்கு வந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது.

ஒரு சோதனை சொல்கிறேன். பதினொன்றாம் வகுப்பு உயிரி-விலங்கியல் புத்தகத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் வாங்கி, ‘விலங்குலகம்’ பாடத்தை இரண்டு நாள் அவளிடம் கொடுங்கள். யாரும் விளக்கிச் சொல்ல வேண்டாம். எவ்வளவு தூரம் தானாகப் படிக்கிறாள் என்று மட்டும் கவனியுங்கள். நான் எப்போதும் மாணவர்களைச் செய்முறை வகுப்பில்தான் அடையாளம் காண்பேன். செடியின் தண்டைப் பிளேடால் மெல்லிய வில்லைகளாகச் சீவி, வாட்ச் கிளாஸில் நீர் ஊற்றி மிதக்கவிட்டு, அவற்றில் மிக மெல்லியதைத் தூரிகையால் எடுத்து, சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம் ஏற்றி, ஒரு துளி கிளிசரினில் வைத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். முதல் பத்து வில்லைகள் தடித்துத்தான் வரும். பதினோராவதையும் பொறுமையாகச் சீவுகிற பிள்ளைக்கு இந்தப் பாடம் சுமையாக இருந்ததை நான் பார்த்ததில்லை.

பண்ருட்டி, பொறியியல் மூன்றாமாண்டு:

ஆசிரியர் ஐயா சொன்னவற்றை மதிக்கிறேன். ஆனால் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். நான் உயிரியல் எடுத்தவன். என் விருப்பத்தால் எடுத்ததில்லை. கணிதமும் உயிரியலும் சேர்ந்த முதல் பிரிவு என்றால் மதிப்பு என்று உறவினர்கள் சொன்னதால் எடுத்தேன். பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. அதில் கணிதம் முழுமையாக 100, இயற்பியல் 50, வேதியியல் 50. உயிரியல் மதிப்பெண் அந்தக் கணக்கில் வரவே வராது. இயற்பியலில் 10 மதிப்பெண் குறைந்தால் கட்-ஆஃபில் 5 குறையும். கணிதத்தில் 10 குறைந்தால் முழுதாகப் பத்தும் போய்விடும். நான் இரவெல்லாம் படம் வரைந்து ரெக்கார்டு நோட்டு எழுதிய மாதங்களில்தான் தொகை நுண்கணிதத்தைக் கோட்டைவிட்டேன். விரும்பிய கல்லூரி கிடைக்காமல் போனது இன்னும் வலிக்கிறது.

எனவே அக்கா, உயிரியல் எடுத்தால் அந்த ஒரே டியூஷனைக் கணிதத்துக்கு வையுங்கள். பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26 முதல் இல்லை என்பதால் அந்த ஆண்டைச் சில இடங்களில் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம் அதன் மேல்தான் நிற்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: நல்ல ஆசிரியர்கள் வேண்டும் என்று தனியார் பள்ளிக்கு மாற்றிவிடாதீர்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரிய 7.5 விழுக்காடு ஒதுக்கீடு மருத்துவத்துக்கு 2020 முதலும் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கு 2021 முதலும் இருக்கிறது. கடைசி இரண்டு ஆண்டுகளுக்காக அதை இழக்கக் கூடாது.

புதுச்சேரி, லாஸ்பேட்டை:

நான் செவிலியர். எங்கள் பக்கத்தில் அரசுப் பள்ளிகள் எல்லாம் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. அதில் ஐந்து பாடங்களுடன் ஆறாவதாக ஒன்றைக் கூடுதலாக எடுக்க வழி இருப்பதால் இந்தக் குழப்பம் சற்றுக் குறைவு. உங்களுக்கு அந்த வசதி இல்லை. உயிரியலைப் பின்னர் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்களும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023-இல் அறிவித்தது உண்மைதான். ஆனால் ஆய்வகமும் ஆசிரியரும் இல்லாமல் வேறொரு படிப்புக்கு நடுவே தனியாக அதைப் படிப்பது எவ்வளவு கடினம் என்பதை என் தம்பி வழியாகக் கண்டிருக்கிறேன். அந்த வழியை நம்பி இப்போது விட்டுவிட வேண்டாம்.

பதினாறு வயதில் மருத்துவமனை வாசனையே பிடிக்காது என்று சொன்னவள் நான். பதினெட்டில் மனம் மாறியபோது உயிரியல் படித்திருந்ததால்தான் செவிலியர் கல்லூரியில் விண்ணப்பிக்கவே முடிந்தது. இப்போது ஜிப்மரில் செவிலியர் படிப்புக்கும் நீட் மதிப்பெண்தான் கேட்கிறார்கள். அந்தத் தேர்வின் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு உரியது.

திருப்பாதிரிப்புலியூர்த் தாய்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியர் ஐயா சொன்னபடி புத்தகத்தை வாங்கிக் கொடுத்தோம். சனிக்கிழமை இரவு மெல்லுடலிகள் பகுதியைப் படித்துவிட்டு எழுந்து போய், தன் பாட்டில்களைத் தரையில் பரப்பி, ஒற்றை ஓடு உள்ளவை ஒருபுறமும் இரட்டை ஓடு உள்ளவை மறுபுறமுமாகப் பிரித்து வைத்தாள். கணவாய் ஓட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடி புத்தகத்தைத் திறந்தாள். ஷிப்ட் முடிந்து வந்த என் கணவர் அதைச் சற்று நேரம் நின்று பார்த்தார். பிறகு, கணித டியூஷனுக்கு மாதம் எவ்வளவு கேட்கிறார்கள் என்று மட்டும் என்னிடம் கேட்டார்.

இன்று காலை விண்ணப்பத்தில் உயிரியல் என்று அவளே எழுதிக் கொடுத்தாள். கணித டியூஷன் புதன்கிழமை தொடங்குகிறது. ஐயா, பரங்கிப்பேட்டை மையத்தைப் பள்ளிப் பிள்ளைகள் சென்று பார்க்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று தெரிந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.