அஞ்சு நாள் ஆச்சு, ஈஸ்ட் ஒரு டெட்ராட்கூட (நாலு ஸ்போர் இருக்கிற பை) போடலை

புளிச்சமாவு:
எம்.எஸ்சி. ப்ராஜெக்ட். எஸ்288சி ஈஸ்ட் ரகம், டிப்ளாய்டு (குரோமோசோம் ரெண்டு செட்). ஒய்பிடி-யில (குளுக்கோஸ் உள்ள சத்து மீடியா) ராத்திரி வளர்த்து, சென்ட்ரிஃபியூஜ்ல சுத்திவிட்டு, மேல இருந்த மீடியாவைக் கொட்டிட்டு 1% பொட்டாசியம் அசிடேட்டில் கலக்கினேன். 50 மி.லி. குழாயில 30 மி.லி., மூடி இறுக்கம், 30 டிகிரி ஷேக்கர். இன்னிக்கும் மைக்ரோஸ்கோப்புல எல்லாம் மொழுமொழுனு உருண்டைதான். நைட்ரஜன் இல்லாம பட்டினி போட்டாச்சு, இன்னும் என்னதான் வேணுமாம்?

ஆறாம்நாள்:
எஸ்288சி சோம்பேறி. எஸ்கே1 ரகம் ஒரே நாள்ல முடிச்சிடும். ஒரு வாரம் பொறுங்க.

அகார்தட்டு:
சோம்பேறிதான், ஆனா அஞ்சு நாள்ல ஒண்ணுகூட இல்லேன்னா பொறுத்துப் பிரயோஜனமில்லை தம்பி.

பட்டினி மட்டும் போதாது. அசிடேட்டை நொதிக்க வைக்க முடியாது, மூச்சு விட்டுத்தான் எரிக்கணும். அந்த மூடியை முதல்ல கழட்டுங்க, 250 மி.லி. பிளாஸ்க்குல 25 மி.லி.க்கு மேல வேண்டாம். பெலட்டை, அதாவது அடியில படிஞ்ச செல்லை, தண்ணியில ரெண்டு தடவை கழுவுங்க. குளுக்கோஸ் ஒட்டிக்கிட்டிருந்தா ஐ.எம்.இ.1 ஜீன் எழவே எழாது, மியாசிஸுக்கு, அதாவது ஸ்போர் உண்டாக்குற செல் பிரிவுக்கு, அதுதான் சாவி.

அசிடேட் சக்திக்கு மட்டுமில்லை. அதுல ஒரு பங்கு கிளையாக்ஸிலேட் சுழற்சி வழியா சர்க்கரையா திரும்பும். ஸ்போர் சுவரும் ட்ரெஹலோஸுங்கிற சேமிப்புச் சர்க்கரையும் அதுலதான்.

ஒரு பிஎச் தாளை நனைச்சுப் பாருங்க. அசிடேட் செலவானா மீடியா காரமாகி 8-ஐத் தாண்டும். நான் மூணு வாரம் ஷேக்கரைத் திட்டிட்டிருந்தேன், தாள் நிறமே மாறலை. கடைசியில என் காலனி பெட்டிட், மூச்சு விட வைக்கிற மைட்டோகாண்ட்ரியா செத்தது. 1949-லயே ஆராய்ச்சியாளர் எஃப்ருஸ்ஸி எழுதிவச்ச குட்டிக் காலனி! ஒய்பிடி தட்டுல கொஞ்சம் சின்னதா இருந்துச்சு, கண்டுக்கலை. எஸ்288சி-யில இது அடிக்கடி வரும். கிளிசரால் தட்டுல தேய்ங்க, அதையும் மூச்சு விட்டுத்தான் எரிக்கணும். வளரலேன்னா தூக்கிப் போடுங்க.

புளிச்சமாவு:
அக்கா, தாள் 7-லயே நின்னுச்சு. கிளிசரால் தட்டுல மூணு நாளா வெறும் தேய்ச்ச தடம். ஃப்ரீசர்ல இருந்து புது காலனி எடுத்து, கழுவி, பிளாஸ்க்குல போட்டேன். நாலாம் நாள் நூறு எண்ணினதுல பதினொண்ணு, ஒவ்வொரு பைக்குள்ளயும் நாலு குண்டு! பைச் சுவரைக் கரைக்கிற ஸைமோலயேஸ் என்சைமை எவ்வளவு நேரம் விடணும்?

அகார்தட்டு:
10 நிமிஷத்துல ஒரு துளி எடுத்துப் பாருங்க. குழாயைச் சுண்டிடாதீங்க, நாலும் பிரிஞ்சு ஓடிடும்.