மூன்று பேர் எழுதும் நிரலுக்கு எந்த வடிவமைப்புப் பாணி?

சிப்புட்_தம்பி (சுங்கை சிப்புட்):
வணக்கம். செம்பனைக் குத்தகைக்காரர் ஒருவருக்குக் கூலிக் கணக்கு நிரல் எழுதுகிறோம். குலை எடை, உதிரிப் பழ எடை, டன் விகிதம் கொடுத்தால் ஆள்வாரியாகக் கூலி வரும். கணக்கு பைத்தானில், கிராணி (எஸ்டேட் எழுத்தர்) பார்க்கும் பக்கம் ஜாவாஸ்கிரிப்டில். ஒருவர் டேப் போடுகிறார், ஒருவர் இரண்டு இடைவெளி, இன்னொருவர் நான்கு. ஒருவர் கோப்பைத் திறந்து சேமித்தாலே கிட்டில் (நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) எல்லா வரியும் மாறியதாகக் காட்டுகிறது. மடிக்கணினிகள் 1366×768 திரை. படிக்க எளிதான பாணி எது? ஒரு வரிக்கு எத்தனை எழுத்து? பழைய கோப்புகளை எப்படி மாற்றுவது?

வரிக்கோடு:
தம்பி, இதைப் பேசித் தீர்க்க உட்காராதீர்கள், கருவியிடம் விட்டுவிடுங்கள். பைத்தானுக்கு பிளாக், ஜாவாஸ்கிரிப்டுக்கு பிரெட்டியர். இரண்டும் நிரலைத் தாமே ஒரே பாணியில் அடுக்கித் தரும். பிளாக்கில் மாற்றக்கூடிய அமைப்புகளே சொற்பம். எனக்கு அதில் பிடித்ததே அதுதான். 4 இடைவெளி, இரட்டை மேற்கோள், 88 எழுத்து வரி. பிரெட்டியரின் இயல்பு 2 இடைவெளி, 80 எழுத்து. மொழிக்கு மொழி உள்தள்ளல் (வரித் தொடக்கத்தில் விடும் இடம்) வேறுபட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது.

வரி நீளத்தை மட்டும் உங்கள் திரைக்கு ஏற்ப மாற்றுங்கள். ஓர் எழுத்துக்கு 8 புள்ளி என்றால் 1366 புள்ளியில் 170 எழுத்துதான் கொள்ளும். பழைய பதிப்பையும் புதியதையும் அருகருகே வைத்தால் ஆளுக்கு 85. வரி எண் பட்டைக்கு ஐந்து போனால் மிச்சம் 80. ஆகவே பிளாக்கில் 79 என்று வையுங்கள். பைத்தானின் பாணிக் கையேடான பெப் 8 சொல்லும் அளவும் அதுவே.

வரி உடையும்போது கடைசி உறுப்புக்குப் பிறகும் காற்புள்ளி இருக்கட்டும்:

```
கூலி = கணக்கிடு(
    குலை_எடை,
    உதிரி_எடை,
    டன்_விகிதம்,
)
```

நாளைக்கு இன்னொரு உறுப்பைச் சேர்த்தால் ஒரே ஒரு வரிதான் மாறியதாகக் காட்டும். அந்தக் காற்புள்ளி இருக்கும்வரை பிளாக் இதைத் திரும்ப ஒரே வரியாகச் சுருக்காது.

கிளைமரம்:
எல்லா வரியும் மாறியதாகக் காட்டுவதற்கு உள்தள்ளல் மட்டும் காரணமில்லை. வரி முடிவுக் குறியையும் பாருங்கள். விண்டோஸில் அது இரண்டு எழுத்து, லினக்ஸில் ஒன்று. பிளாக் இதைத் திருத்தாது. கோப்பின் முதல் வரி எப்படி முடிகிறதோ அதையே பிடித்துக்கொள்ளும். கோப்புகளை எப்படிக் கையாள்வது என்று கிட்டுக்குச் சொல்லும் கிட் ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் எல்லாக் கோப்புக்கும் 'டெக்ஸ்ட் ஆட்டோ' என்று எழுதி, 'கிட் ஆட்' கட்டளையை ரீநார்மலைஸ் தெரிவோடு ஒருமுறை ஓட்டுங்கள், வரி முடிவு ஒரே மாதிரி பதிவாகும். எடிட்டருக்கு உள்தள்ளல் அமைப்பைச் சொல்லும் எடிட்டர்கான்ஃபிக் கோப்பும் வேண்டும், அப்போதுதான் அதை ஆதரிக்கும் எடிட்டர் எதில் திறந்தாலும் டேப் நுழையாது. அதில் வரிக்கடைசி வெற்றிடத்தை நீக்கும் அமைப்பை மார்க்டவுன் (எளிய குறிகளால் வடிவமைக்கும் உரை) கோப்புகளுக்கு அணைத்து வையுங்கள். அங்கே வரிக்கடைசியில் வரும் இரண்டு இடைவெளிக்கு, வரியை உடை என்று பொருள்.

பழைய கோப்புகளை மாற்றும்போது வரிசை முக்கியம். கையில் இருக்கும் கிளைகளை (ஆளாளுக்குத் தனியாக எழுதிவரும் பிரதிகளை) எல்லாம் முதலில் முதன்மைக் கிளையில் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் மோதும். பிறகு கருவியை ஓட்டி, வடிவமைப்பை மட்டும் தனிக் கமிட்டாக (கிட்டில் தனிப் பதிவாக) போடுங்கள். கணக்கில் ஒரு திருத்தம்கூட அதில் கலக்கக் கூடாது. அது முதன்மைக் கிளைக்குப் போன பிறகே அதன் 40 எழுத்து அடையாளத்தை எடுங்கள், ஏனென்றால் ஸ்குவாஷ் செய்து (பல கமிட்டுகளை ஒன்றாக்கி) சேர்த்தால் அடையாளம் மாறிவிடும். அதை ஒரு கோப்பில் எழுதி, வரிக்கு வரி கடைசியாக மாற்றியவரைக் காட்டும் கிட் பிளேமின் 'இக்னோர் ரெவ்ஸ்' (இந்தப் பதிவுகளை விட்டுவிடு) அமைப்பில் அந்தக் கோப்பைக் காட்டுங்கள். கிட் 2.23 முதல் இந்த வசதி உண்டு. இல்லையென்றால் யார் எந்த வரியை எழுதினார் என்று பார்க்கும்போதெல்லாம் கருவியை ஓட்டியவர் பெயரே வரும். கூலிக் கணக்கில் ஒரு விகிதத்தை யார், எப்போது மாற்றினார் என்று தேடும் நாள் வரத்தான் போகிறது.

அதன்பின் பிளாக்கை 'செக்' தெரிவோடு சோதனைச் சேவையகத்தில் ஓட்டுங்கள். கோப்பைத் தொடாது. திருத்தம் தேவையென்றால் 1 என்ற எண்ணோடு வெளியேறும், சோதனையைக் கட்டாயமாக்கியிருந்தால் சேர்ப்பு தானாக நின்றுவிடும்.

சிப்புட்_தம்பி:
நன்றி அண்ணா. ஒரு கோப்பில் பைத்தான் டேப்எரர் என்கிறது. பிளாக்கை ஓட்டினால் சரியாகுமா?

வரிக்கோடு:
கருவியை நம்பி விடாதீர்கள், அந்தக் கோப்பைக் கையால் பார்க்க வேண்டும். டேப்பும் இடைவெளியும் குழம்பியிருப்பதால் எந்த வரி எந்தத் தொகுதிக்குள் இருக்கிறது என்று பைத்தானுக்கே தெரியவில்லை. பைத்தான் 2 டேப்பை எட்டின் மடங்காகக் கணக்கிட்டு ஓட்டிவிடும், பைத்தான் 3 மறுத்துவிடும். பைத்தானோடு வரும் டேப்நானி தொகுதியை ஓட்டினால் சந்தேகமான வரி எண்ணைச் சொல்லும். எடிட்டரில் 'இடைவெளியாக மாற்று' கட்டளையைக் கொடுக்கும் முன், எழுதியவர் டேப்பை 4 என்று வைத்திருந்தாரா 8 என்று வைத்திருந்தாரா எனக் கேளுங்கள். தவறினால் உதிரிப் பழக் கூலியைக் கூட்டும் வரி சுழற்சிக்கு வெளியே போய், கடைசி ஆளுக்கு மட்டும் கூட்டும். பிழைச் செய்தி எதுவும் வராது.

பிளாக் தன் மாற்றத்துக்குப் பிறகு நிரலின் தொடரமைப்பு மரம் (எது எதற்குள் இருக்கிறது என்ற அமைப்பு) பழையதற்குச் சமமா என்று தானே சரிபார்க்கும். கையால் செய்வதற்கு அந்தக் காவல் கிடையாது. அதனால் இந்தக் கோப்பின் மாற்றத்தைப் பார்க்கும்போது 'வெற்றிடத்தைப் புறக்கணி' தெரிவைப் போடாதீர்கள். ஜாவாஸ்கிரிப்டில் அது பெரும்பாலும் வசதி, பைத்தானில் பிழையையே மறைத்துவிடும்.

நெட்டெழுத்து:
ஒன்றைச் சேர்க்கிறேன். சமக்குறிகளை நேர்கோட்டில் அடுக்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள். ஒரு பெயர் நீண்டால் பக்கத்து வரிகளையும் தொட வேண்டிவரும். பெயரோ குறிப்போ தமிழில் இருந்தால் அடுக்கு நிற்கவே நிற்காது, தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றல்ல.

ஜாவாஸ்கிரிப்டில் 'ரிட்டர்ன்' எழுதிவிட்டு அடைப்புக்குறியை அடுத்த வரியில் திறக்காதீர்கள். ரிட்டர்னுக்குப் பிறகு அரைப்புள்ளி இருப்பதாகவே மொழி எடுத்துக்கொள்ளும், எந்த மதிப்பும் திரும்பாது. பிரெட்டியர் இதைக் காப்பாற்றாது, அது வேறு பொருளுள்ள சரியான நிரல்தான்.

கூலிச் சூத்திரத்தை எங்கே பிரிப்பது என்பதும் உங்கள் வேலை. குலைக் கூலி, உதிரிக் கூலி, பிடித்தம் மூன்றையும் ஒரே கோவையில் எழுதினால் பிளாக் ஐந்து வரியாக மடித்துத் தரும், படிப்பதற்கு அப்படியே கடினமாக இருக்கும். மூன்றுக்கும் தனிப் பெயர் கொடுத்துக் கடைசி வரியில் கூட்டுங்கள். கிராணி ஒரு தொகையைக் கேட்டால் எந்த வரியைக் காட்டுவது என்று உடனே தெரியும்.